பறவை ஒளிப்படத்தில் பின்புலம்: நாஞ்சில் நாட்டுக் குளங்களை முன்வைத்து

பறவை ஒளிப்படத்தில் பறவையைத் தவிர்த்து எஞ்சுவது அனைத்தும் பின்புலம் எனப்படும். ஒளிப்படக்காரர்களின் பேச்சில் அது ‘பேக்ரவுண்ட்’. ஒரு படம் நன்றாக வந்திருக்கிறது என்பதற்கு அவர்கள் சொல்லும் முதல் காரணம் பெரும்பாலும் ‘பேக்ரவுண்ட் கிளீனா இருக்கு’ என்பதாக இருக்கும். பச்சையோ பழுப்போ சாம்பலோ, ஒரே நிறத்தில் வழவழப்பாகக் கரைந்த பரப்பு. அதன் முன் இறகின் இழைகளை எண்ணத்தக்க கூர்மையில் ஒரு பறவை. இந்தச் சட்டகம் இன்று பறவைப் படத்தின் இலக்கணமாகவே ஆகிவிட்டது. நாட்காட்டிகளிலும் போட்டிகளிலும் கண்காட்சிகளிலும் அதுவே காணக்கிடைக்கிறது.

இந்த இலக்கணம் எல்லா நிலத்துக்கும் பொருந்துமா என்பது விவாதத்துக்குரியது. கன்னியாகுமரி மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டுப் பகுதி அதைச் சோதித்துப் பார்க்க ஏற்ற இடம். இங்கே நீர்ப்பறவைகள் வாழும் இடங்கள் ஏறத்தாழ எல்லாமே மனிதக் கை பட்டவை. வெட்டிய குளம், உழுத வயல், பாத்தி கட்டிய உப்பளம். இவற்றில் ‘கிளீன்’ பின்புலம் வேண்டுமென்றால் எதையேனும் மறைத்தோ நீக்கியோதான் ஆகவேண்டும். மறைக்கப்படுவது எது, அதனால் படம் எதை இழக்கிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

குளம், வயல், உப்பளம்

பழையாறு நாஞ்சில் நாட்டு வயல்களினூடாக ஓடி மணக்குடியில் கடலில் சேர்கிறது. அதன் போக்கை அடுத்து அமைந்தவை தேரூர், சுசீந்திரம் குளங்கள். ஆறு கடலைச் சேரும் இடத்தில் மணக்குடி காயலும் அலையாத்தி மரங்களும், பக்கத்தில் புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்களும் உள்ளன. சுசீந்திரம்–தேரூர் ஈரநில வளாகம் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பரப்பு சுமார் 94 ஹெக்டேர். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்த ஊர் என்று அறியப்பட்ட தேரூர் இன்று பறவை பார்ப்பவர்களின் வரைபடத்திலும் இடம்பெற்றுவிட்டது.

கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, நீலத்தாழைக்கோழி, இருவகை இலைக்கோழிகள், நீர்க்காகங்கள் ஆகியவற்றை இங்கே காணலாம். வலசைக் காலத்தில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் மீசை ஆலாவும் வந்து சேர்கின்றன. உப்பளங்களில் பவளக்கால் உள்ளான் கூட்டமாக நிற்கும். இவற்றைச் சுற்றி என்னென்ன இருக்கின்றன என்பதையும் அதே கவனத்துடன் சொல்லவேண்டும். தோவாளைப் பூச்சந்தையைக் கொண்ட இந்த வட்டாரத்தில் குளங்களில் தாமரை வளர்வது தற்செயல் அல்ல. அது விலைக்குப் போகும் பூ. குளத்துக்குக் கீழே நெல்வயல். கரையில் பனையும் தென்னையும், இடையே மடை. சுசீந்திரம் குளத்தை ஒட்டி நாகர்கோவில்–கன்னியாகுமரி சாலை செல்கிறது. தாணுமாலயன் கோயிலின் ஏழுநிலைக் கோபுரம் வயல்வெளிக்கு அப்பால் வெண்மையாக எழுந்து நிற்கிறது. மின்கம்பி, சலவைக்கல், வலையின் தெர்மாகோல் மிதவை, ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக் உறை. கொக்குக்கும் நாரைக்கும் இவையெல்லாம் சேர்ந்ததுதான் வாழிடம்.

இப்பகுதியில் எடுக்கப்பட்ட பறவைப் படங்களை வரிசையாகப் பார்க்கும் ஒருவருக்கு இவற்றில் எதுவும் கண்ணில் படாமல் போகலாம். படத்தின் கீழே ‘தேரூர்’ என்று எழுதியிருக்கும். அதை அழித்துவிட்டு ‘பரத்பூர்’ என்று எழுதினாலும் படம் மறுப்புச் சொல்லாது.

மூன்று வகைத் தூய்மை

பின்புலத்தைத் தூய்மை செய்வது என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் மூன்று வேறுபட்ட செயல்கள் உள்ளன. அவற்றை ஒன்றாகக் குழப்புவதாலேயே இதைப் பற்றிய விவாதங்கள் பயனற்றுப் போகின்றன.

முதலாவது லென்ஸ் செய்வது. 600 மில்லிமீட்டர் குவியத் தொலைவு கொண்ட லென்ஸை எஃப் 4 திறப்பில் வைத்து 10 மீட்டர் தொலைவில் உள்ள பறவையை எடுத்தால், முழுச்சட்டக கேமராவில் கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர்தான். ஒரு மீன்கொத்தியின் கண் கூர்மையாக இருந்தால் அதன் வால்நுனி கரையத் தொடங்கிவிடும். 30 மீட்டரில் அந்த ஆழம் 60 சென்டிமீட்டராகிறது. திறப்பை எஃப் 11 ஆகக் குறைத்தாலும் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவே. ஆகவே பின்புலம் கரைவது எப்போதும் ஒளிப்படக்காரரின் தெரிவு அல்ல. தொலைவிலிருந்து சிறிய உயிரைப் பெரிதாகக் காட்டும் கருவி அதற்குக் கேட்கும் விலை அது. இதைப் பொய் என்று சொல்வது நியாயமாகாது. மனிதக் கண்ணும் ஒன்றைக் கூர்ந்து நோக்கும்போது மற்றவற்றை மங்கலாக்கியே காண்கிறது.

ஆனால் லென்ஸ் தானாகவே எல்லாவற்றையும் கரைப்பதில்லை. பறவைக்கும் அதன் பின்னால் இருப்பதற்கும் நடுவே தொலைவு வேண்டும். நாஞ்சில் நாட்டுக் குளங்களில் இது ஒரு தனிச்சிக்கலை உருவாக்குகிறது. பறவை பார்ப்பவர் இயல்பாக நிற்கும் இடம் குளத்தங்கரை. அது நீர்மட்டத்தைவிட உயர்ந்தது. அங்கிருந்து கீழ்நோக்கி எடுத்தால் பறவைக்குப் பின்னால் வருவது அது நிற்கும் அதே நீர், அதே இலை, அதே சேறு. அவை பறவைக்கு மிக அருகில் இருப்பதால் முழுதாகக் கரையாது. வழவழப்பான பின்புலம் வேண்டுமென்றால் கேமராவை நீர்மட்டத்துக்கு இறக்கவேண்டும்; அதற்குக் கரையிலிருந்து இறங்கிச் சேற்றில் படுக்கவேண்டும், அல்லது நீருக்குள் நடக்கவேண்டும். கரைமேல் நடக்கும் மனிதரைப் பறவைகள் பொருட்படுத்துவதில்லை. வயலுக்குப் போகிறவரையும் துணி துவைப்பவரையும் நாள்தோறும் பார்த்துப் பழகியவை அவை. நீருக்குள் தவழ்ந்து வரும் மனித உருவம் அவற்றுக்குப் பழக்கமில்லாதது. ஒரு கூட்டமே எழுந்து பறந்துவிடும். வலசை வந்து இரைதேடிக்கொண்டிருக்கும் வாத்துக் கூட்டத்தை எழுப்பிவிடுவதற்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பது ஒளிப்படக்காரர் அல்ல.

இரண்டாவது கணினி செய்வது. குறுக்கே வந்த குச்சியை அழிப்பது, பறவையின் தலைக்குப் பின்னால் செல்லும் கம்பியை எடுப்பது, பின்புலத்தைத் தனியே தெரிவு செய்து மேலும் மங்கலாக்குவது. அடோபி போட்டோஷாப்பில் அழித்த இடத்தைச் சுற்றியுள்ள பகுதியைக் கொண்டு தானே நிரப்பும் வசதி 2010-ல் வந்தது. 2023-ல் செயற்கை நுண்ணறிவால் புதிதாக வரைந்து நிரப்பும் வசதி வந்தது. முதலாவதில் படத்தில் ஏற்கெனவே இருந்த இலைதான் இன்னோர் இடத்துக்கும் போனது. இரண்டாவதில் வருவது எந்தக் குளத்திலும் முளைக்காத இலை. ஆகாயத்தாமரையை அழித்துவிட்டு நிரப்பச் சொன்னால் அழகான நீர்த்தாவரம் ஒன்று கிடைக்கும். அதற்குத் தாவரவியல் பெயர் கிடையாது. இது புதிய குற்றமும் அல்ல. 1982 பிப்ரவரி நேஷனல் ஜியோகிராபிக் இதழின் அட்டையில், செங்குத்துச் சட்டகத்துக்குப் பொருந்துவதற்காகக் கீசாவின் இரு பிரமிடுகள் கணினியால் நெருக்கி வைக்கப்பட்டன. அதன்மேல் எழுந்த கண்டனம் இன்றும் இதழியல் வகுப்புகளில் பாடமாகிறது. பிரமிடை நகர்த்தினால் உலகம் கவனிக்கிறது. தேரூரில் ஒரு கோரைக் கொத்து காணாமல் போவதை யார் கவனிப்பது?

மூன்றாவது கத்தரிக்கோல் செய்வது. மூன்றிலும் கொடியது இதுவே. கூட்டை மறைக்கும் கிளையை ஒடித்தல், இலைகளைக் கட்டி விலக்குதல், பறவை அமர்வதற்கென்று பாசிபடிந்த அழகிய கொம்பு ஒன்றை நட்டு அதன்கீழ் இரை வைத்தல் ஆகியவை இதில் அடங்கும். ஆங்கிலேயப் பறவை ஒளிப்படக்காரர்களிடையே கூட்டின் முன்னுள்ள தழையை விலக்குவதைத் ‘தோட்டவேலை’ என்று செல்லமாகக் குறிப்பிடும் வழக்கம் இருந்தது. பறவைக்கு அந்தத் தழைதான் கூரை, அதுவே திரை. அது விலகியதும் வெயிலும் காகமும் உள்ளே வருகின்றன. இந்தியாவின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972, ‘வேட்டை’ என்பதற்குத் தரும் வரையறையில் காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். கூட்டின்முன் கத்தரியுடன் நிற்பவரும் கண்ணியுடன் நிற்பவரும் சட்டத்தின் பார்வையில் ஒரே சொல்லால் அழைக்கப்படுகிறார்கள்.

நட்டுவைத்த கொம்பு அத்தனை கொடியது அல்ல என்றாலும் ஒரு வேடிக்கையான விளைவு அதற்கு உண்டு. ஒரே மறைவிடத்தில் ஒரே கொம்பில் நூறு பேர் எடுத்த படங்கள் நூறு பெயர்களில் வெளியாகின்றன. பறவைக்குக்கூட அலுத்துப்போயிருக்கும்.

வெள்ளைத் தாளும் காட்டுப் பின்புலமும்

பின்புலம் இல்லாத பறவை ஒளிப்படத்தின் கண்டுபிடிப்பு அல்ல. முகலாய ஓவியரான மன்சூரின் பறவைகள் பலவும் ஏறத்தாழ வெறுமையான தளத்தில்தான் நிற்கின்றன. களக் கையேடுகளின் ஓவியப் பலகைகளும் அப்படியே. சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் 1941-ல் வெளியானது முதல் இன்றுவரை ஒரு தொடக்கநிலைப் பார்வையாளர் மூக்கையும் காலையும் சிறகுப் பட்டையையும் ஒப்பிட்டு அறிவதற்கு வெற்றுத் தளமே உதவுகிறது. அடையாளம் காண்பதற்கான படத்தில் பின்புலம் இடையூறு. அந்த மரபு நேர்மையானது. ஏனென்றால் வெள்ளைத் தாள் தன்னை வெள்ளைத் தாள் என்றே சொல்லிக்கொள்கிறது. அது காடாக நடிப்பதில்லை.

இதற்கு மறுபக்கம் அமெரிக்கரான ஆடுபான். அவருடைய பறவைகள் கிளையும் கனியும் பூவும் சூழ, இரை கொத்தும் நிலையில், உயிர்த்துடிப்புடன் இருக்கும். ஆனால் அவர் வரைந்தது சுட்டு வீழ்த்திய பறவைகளை, கம்பி கோத்து விரும்பிய நிலையில் நிறுத்தி. செடிகொடிகளில் பலவற்றை வரைந்தவர் ஜோசப் மேசன் என்ற இளம் உதவியாளர். ஆக, ‘இயற்கையான’ பின்புலமும் கட்டி எழுப்பப்பட்டதாக இருக்கக்கூடும். செறிந்த பின்புலம் என்றால் உண்மை, வெற்றுப் பின்புலம் என்றால் பொய் என்று எளிமைப்படுத்த இந்த வரலாறு இடம்தருவதில்லை.

ஒளிப்படத்தில் இந்தக் கேள்வி 1895-ல் ரிச்சர்ட், செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள் பிரிட்டிஷ் பறவைக் கூடுகளைப் பற்றி வெளியிட்ட நூலுடன் தொடங்குகிறது எனலாம். காட்டில் நேரடியாக எடுத்த ஒளிப்படங்களால் ஆன முதல் இயற்கை நூல்களில் ஒன்று அது. கனத்த கேமரா, கண்ணாடித் தகடு, குறைந்த ஒளியுணர்வு. பறவையின் அருகே போக அவர்கள் உள்ளீடற்ற மாட்டுப் பொம்மைக்குள் ஒளிந்து நின்றதும் உண்டு. அந்தக் காலத்துப் படங்களில் பறவை சிறிது. அதைச் சுற்றிப் புல்லும் கல்லும் நிறைய. தொழில்நுட்பத்தின் போதாமையே வாழிடத்தைப் படத்துக்குள் விட்டுவைத்தது.

தமிழ்ச் சூழலில் இதைப் பற்றிப் பேசும்போது மா. கிருஷ்ணனைத் தவிர்க்க முடியாது. 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்த கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். ஆங்கிலத்தில் ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950 முதல் மறையும்வரை பத்தி எழுதியவர்; தமிழிலும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற தொகுப்பாக்கினார். வெவ்வேறு உதிரிகளை இணைத்துத் தானே உருவாக்கிய கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். படங்கள் கறுப்பு வெள்ளை.

கிருஷ்ணனின் படங்களில் யானைக்கும் காட்டெருதுக்கும் சுற்றிலும் மூங்கிலும் புல்லும் மரநிழலும் இருக்கின்றன. அது அழகியல் தெரிவு மட்டும் அல்ல. 1960-களில் தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளைப் பற்றி அவர் மேற்கொண்ட கள ஆய்வுடன் இணைந்தது அவருடைய கேமரா. விலங்கு எதைத் தின்கிறது, எந்த அடர்த்தியில் மறைகிறது என்பதெல்லாம் அவருக்குத் தேவைப்பட்டன. இன்றைய ரசனையில் அந்தப் படங்களில் பல ‘பிஸியான பேக்ரவுண்ட்’ என்று ஒதுக்கப்பட்டுவிடும். கறுப்பு வெள்ளையில் சாம்பல் நிறத்தின் பல படிகளுக்குள் விலங்கைக் கண்டெடுக்கவேண்டியிருக்கிறது. காட்டில் நிற்கும் ஒருவருக்கு நேர்வதும் அதுதான். அவருடைய படங்கள் எல்லாமே வெற்றி பெற்றவை என்று சொல்லமுடியாது. சிலவற்றில் நிழல் விலங்கை முழுக்க விழுங்கிவிடுகிறது. ஆனால் அந்தத் தோல்விகூடக் காட்டைப் பற்றி ஏதோ சொல்கிறது.

போட்டி விதியும் ராம்சார் வரையறையும்

பின்புலத்தைத் துடைக்கும் பழக்கத்துக்குக் கருவியும் ரசனையும் மட்டும் காரணம் அல்ல, போட்டி விதிகளும் காரணம். அமெரிக்க ஒளிப்படச் சங்கம், பன்னாட்டு ஒளிப்படக் கலைக் கூட்டமைப்பு, பிரிட்டனின் ராயல் ஒளிப்படச் சங்கம் ஆகிய மூன்றும் 2014-ல் இயற்கை ஒளிப்படத்துக்குப் பொதுவான வரையறை ஒன்றை ஏற்றுக்கொண்டன. இந்தியாவில் நடக்கும் பல கழகப் போட்டிகளும் அதைப் பின்பற்றுகின்றன. அந்த வரையறை சட்டகத்தை வெட்டிச் சுருக்குவதைத் தவிர, படத்தில் எதையும் சேர்க்கவோ நகர்த்தவோ மாற்றவோ நீக்கவோ கூடாது என்கிறது. அழகைவிடப் படம் சொல்லும் கதைக்கே மதிப்பு அதிகம் என்றும் சொல்கிறது. இவை இரண்டும் சரியானவை. கணினித் தூய்மைக்கு இதைவிடத் தெளிவான தடை இருக்கமுடியாது.

அதே வரையறை மனிதக் கூறுகள் படத்தில் இருக்கக்கூடாது என்றும் சொல்கிறது. விதிவிலக்கு உண்டு. மனிதர் மாற்றியமைத்த சூழலுக்குப் பழகிக்கொண்ட உயிர்களின் கதையில் அந்தக் கூறு பிரிக்கமுடியாத பகுதியாக இருந்தால் அனுமதிக்கலாம். எடுத்துக்காட்டாக அங்கே குறிப்பிடப்படுபவை கூகையும் நாரையும். ஐரோப்பாவின் புகைபோக்கிகளில் கூடு கட்டும் வெண்நாரையை மனதில் வைத்து எழுதப்பட்டிருக்கலாம். தமிழ்நாட்டுக்கு அது அப்படியே பொருந்துகிறது. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் ஊருக்குள், வீட்டு மரங்களில் கூடு கட்டுகின்றன. எச்சம் முற்றத்தில் விழுகிறது. தவறி விழும் குஞ்சுகளை ஊரார் எடுத்து வளர்க்கிறார்கள். அங்கே ஓட்டுக்கூரை தெரியாமல் நாரையை எடுப்பதுதான் கதையை வெட்டுவது.

விதியில் இடமிருக்கிறது, நடைமுறையில் இல்லை. நடுவருக்கு ஐயம் எழுந்தால் படம் தள்ளப்படும் என்று அஞ்சுபவர் கம்பியோ மடையோ தென்படாத கோணத்தையே தேடுவார். மூன்று மணி நேரம் காத்திருந்து, கோபுரமும் சாலையும் உப்புக் குவியலும் சட்டகத்துக்கு வெளியே போகும்படி ஓர் ஒடுங்கிய கோணத்தைக் கண்டுபிடிப்பார். அவர் எந்த விதியையும் மீறவில்லை. ஆனால் படத்தைப் பார்க்கும் ஒருவர் மனிதர் இல்லாத ஒரு சதுப்பு நிலத்தைக் கற்பனை செய்துகொள்வார். அப்படியொரு சதுப்பு நிலம் சுசீந்திரத்தில் இல்லை.

இங்கேதான் ராம்சார் உடன்படிக்கை நினைவுக்கு வருகிறது. 1971-ல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான அந்த உடன்படிக்கை, ஈரநிலம் என்பதை வரையறுக்கும்போதே இயற்கையானவை, செயற்கையானவை இரண்டையும் சேர்த்துக்கொள்கிறது. பாசனக் குளம், நெல்வயல், உப்பளம் மூன்றுமே அதன் வகைப்பாட்டில் ஈரநிலங்கள். தேரூரும் சுசீந்திரமும் உலக முக்கியத்துவம் பெற்றது அந்த வரையறையின்படிதான். ஒரே குளத்துக்கு இரு வரையறைகள். சூழியல் உடன்படிக்கை மனிதக் கையை ஏற்றுக்கொள்கிறது. ஒளிப்பட விதி அதை விலக்கவேண்டிய கூறு என்று கருதித் தொடங்குகிறது. பயிரிடப்பட்ட தாவரங்களின் படங்கள் இயற்கை ஒளிப்படம் ஆகா என்றும் அந்த விதி சொல்கிறது. சந்தைக்கு வளர்த்த தாமரையின் இலைமேல் முட்டையிடும் இலைக்கோழியை அது எந்தப் பக்கத்தில் வைக்கும்?

பறவையைப் படிக்க எது தேவை

நீளவால் இலைக்கோழியையே எடுத்துக்கொள்ளலாம். இனப்பெருக்கக் காலத்தில் கறுத்து வளைந்த நீண்ட வாலும் பொன்னிறப் பிடரியுமாக அது இருக்கும். அடைகாப்பது ஆண். பெண் ஒரு கூட்டில் முட்டையிட்டுவிட்டு அடுத்த துணையை நாடிச் செல்லும். ஒளிப்படக்காரர்கள் அதன் வாலுக்காக ஏங்குகிறார்கள். ஆனால் அந்தப் பறவையின் உடலில் மிக வியப்பானது அதன் கால்விரல்கள். உடலுக்குச் சற்றும் பொருந்தாத நீளம். மிதக்கும் இலை அருகில் இருந்தால் அந்த நீளம் சட்டென்று விளங்கிவிடும். எடை பரவுகிறது, இலை அமிழாமல் தாங்குகிறது. இலையைக் கரைத்துவிட்டால் விரல்கள் வெறும் விகாரமாகத் தெரிகின்றன. நத்தைகுத்தி நாரையின் அலகுக்கு நடுவே உள்ள இடைவெளியும் அப்படித்தான். வயற்சேறும் நத்தையும் படத்தில் இருந்தால் அது கருவி. இல்லாவிட்டால் அலகு சரியாக மூடாத ஒரு பறவை. பவளக்கால் உள்ளானின் சிவந்த நெடுங்காலின் நீளத்துக்குப் பொருள் தருவது உப்புப் பாத்தியின் நீர் ஆழம்.

தமிழ் மரபில் இதைச் சொல்லத் தனிச்சொல்லே உண்டு. தொல்காப்பியம் பறவையைக் கருப்பொருளில் வைக்கிறது. கருப்பொருள் முதற்பொருளான நிலத்திலும் பொழுதிலும் வேர்கொண்டது. நெய்தலின் புள்ளை எடுத்துக் குறிஞ்சியில் வைத்தால் அதைக் கவனித்துப் பெயரிட்டு விளக்கும் உரையாசிரியர்கள் இருந்தார்கள். சத்திமுத்தப் புலவரின் புகழ்பெற்ற நாரைப் பாட்டிலும் நாரைக்கு முகவரி உண்டு: தெற்கே குமரியில் ஆடிவிட்டு வடக்கே திரும்பும் பறவை அது. அதன் அலகுக்குக் கிடைக்கும் உவமையும் பனங்கிழங்கு, அதாவது அந்த நிலத்திலேயே தோண்டி எடுக்கக்கூடிய ஒன்று.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றையும் கருத்தில்கொள்ளவேண்டும். அழகு ஒரு குறைபாடு அல்ல. ஒரு பள்ளி மாணவரைப் பறவையின் பக்கம் இழுப்பது பெரும்பாலும் அந்தத் துடைத்த பின்புலத்தின் முன் ஒளிரும் மீன்கொத்திதான்; கோரையும் கம்பியும் குப்பையும் நிறைந்த சட்டகம் அல்ல. பின்புலத்தைக் காட்டுகிறேன் என்று எதை எடுத்தாலும் படமாகிவிடாது. கண் எங்கே போவது என்று தெரியாமல் அலைக்கழிக்கும் படம் சோம்பலின் விளைவு, அதை நேர்மை என்று அழைக்கவேண்டியதில்லை. குப்பையில் நிற்கும் நாரையை எடுத்து அதிர்ச்சிக்காகவே முன்வைக்கும் படங்களும் இன்னொரு வகைத் துடைப்பு. அவை தாமரையை மறைக்கின்றன. இந்த எதிர்வாதங்களில் உண்மை இருக்கிறது. பின்புலத்துடன் பறவையை எடுப்பது துடைத்த பின்புலத்தில் எடுப்பதைவிடக் கடினம் என்பதையே அவை காட்டுகின்றன. ஒளி, கோணம், தொலைவு மூன்றும் ஒத்துழைத்து, மடையின் கல்லும் நெற்பயிரும் பறவையுடன் போட்டியிடாமல் அதனுடன் சேர்ந்து நிற்கவேண்டும். குவியத் தொலைவு குறைந்த லென்ஸ், பறவை பழகும்வரை கரையில் அசையாமல் உட்காரும் பொறுமை, பறவை சட்டகத்தில் பத்தில் ஒரு பங்காக இருக்கச் சம்மதிக்கும் மனம் ஆகியவை தேவை. கடைசியில் சொன்னதுதான் அரிது.

ஆவணமாகப் படம்

இந்த மாவட்டம் முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும், பின்னர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. சாலிம் அலி 1933-ல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைக் கணக்காய்வு நடத்தினார். அன்று சேகரிக்கப்பட்டவை பாடம்செய்த பறவைத் தோல்களும் குறிப்புகளும். குறிப்புகளில் இடமும் நாளும் உயரமும் வாழிடமும் எழுதப்பட்டன. தோல் மட்டும் இருந்திருந்தால் அதன் பயன் பாதியாகியிருக்கும். இன்று அந்தக் குறிப்பேட்டின் இடத்தில் ஒளிப்படம் இருக்கிறது. 2015 முதல் தமிழ்நாட்டில் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் பங்கேற்பவர்கள் இ-பேர்ட் தளத்தில் பட்டியலுடன் படங்களையும் ஏற்றுகிறார்கள். அந்தத் தளத்தில் நாளும் இடமும் தானாகவே பதிவாகின்றன. வாழிடம் படத்தில் இருந்தால்தான் உண்டு.

நாஞ்சில் நாட்டுக் குளங்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. தாமரை பரவிய இடத்தை ஆகாயத்தாமரை பிடிக்கிறது, சாலை அகலமாகிறது, வயல் தென்னந்தோப்பாகி மனையாகிறது, மணக்குடியில் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை பாலத்தையே பெயர்த்துச் சென்றது. ஒரு குளத்தின் மேற்குக் கரையில் 2012-ல் கோரை எதுவரை இருந்தது, நீர் எந்த மாதம் வற்றியது, இலைக்கோழி எந்த இலைமேல் அடைகாத்தது என்று பின்னாளில் ஓர் ஆய்வாளர் கேட்டால், அதற்கான விடை ஆயிரக்கணக்கான ஒளிப்படங்களில் இருந்திருக்கவேண்டும். இந்தக் குளங்கள் இத்தனை கேமராக்களை இதற்குமுன் கண்டதில்லை. அவர் முன் விரியப்போவது பறவையின் கண்மணியில் தெரியும் ஒளிப்புள்ளியும் அதன் பின்னால் ஒரு பச்சை மங்கலும்.

போட்டிக்கு அனுப்பத் தகுதியற்றது என்று வன்தட்டில் ஒதுக்கப்பட்ட படங்கள் ஒவ்வொருவரிடமும் உண்டு. கம்பி குறுக்கே ஓடுவது, பின்னால் மாடு நிற்பது, கரையில் ஒருவர் மிதிவண்டியை உருட்டிச் செல்வது, கூழைக்கடாக் கூட்டத்துக்கு மேல் பாதிக் கோபுரம் தெரிவது. அவற்றில் தாமரை இலையின் விளிம்பு தெளிவாக இருக்கும். மடையில் நீர்மட்டம் எந்தக் கல்வரை இருந்தது என்று பார்க்கமுடியும்.